சத்தியபாமா ஞாபகார்த்த நூலகம்

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
11 மார்ச் 2018

இஞ்சாருங்கோ,

போய்ச் சேர்ந்திட்டீங்கள் எண்டு பிரஷாந்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெல்பேணிலை இருக்கிற மகனுக்கு இறங்கின உடனை போன், ஸ்ட்ராத்ஃபீல்டிலை இருக்கிற மனிசிக்கு அடுத்த நாள் போன். எயார்போட்டுக்கு நான் வரேல்லை எண்ட கோபமாக்கும். வரமாட்டன் எண்டு முதலே சொன்னனான்தானே.

இனிப் போன் எடுக்காதேங்கோ. இதைக் கோபத்திலை சொல்லேல்லை, யோசிச்சுத்தான் சொல்லுறன். நாங்கள் ரெண்டு பேரும் போனிலை கதைக்கத் தொடங்கினால் அது சண்டையிலைதான் முடியுது. அதுவும் என்ன மாயமோ, "சாப்பிட்டீங்களோ" எண்டு கேட்டால் லைன் நல்லா இருக்கும், "எப்ப வாறியள்" எண்டு கேட்டால் சாம்பியாவிலை உடனை வெட்டுப்படும். ஈமெயிலிலை எழுதுங்கோ, தமிழிலை எழுதுங்கோ. எழுதினால் லைனைச் சாட்டேலாது.

நான் ஏன் உங்களோட வரேல்லை எண்டு ஊர்ச்சனம் கேட்குது. நீங்களும் கேட்டியள். ஒருக்கா வந்தனான்தானே? கலியாணம் கட்டின கையோட, நீங்கள் அங்கை பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிச்ச காலத்திலை, வாய் திறக்காமல் பின்னாலை வந்து அஞ்சு வருஷம் இருந்தனான். பேந்து சிட்னி எண்டியள், சிட்னிக்கும் வந்தனான். இஞ்சை ஆசுபத்திரி லாபிலை போத்தல் கழுவத் தொடங்கி, வேலையும் படிப்புமாச் செத்துப் பிழைச்சு, இண்டைக்கு அந்த லாபிலை என்ர கையெழுத்து இல்லாமல் ஒரு றிப்போட்டும் வெளியிலை போகாது. இப்ப வந்து "பழையபடி சாம்பியா" எண்டால், நான் என்ன உங்கட சூட்கேசே?

முசொண்டா நல்ல பிள்ளை, எனக்குத் தெரியாதே. உங்களிட்டைக் கணக்குப் படிச்சிட்டு எங்கட குசினியிலை புட்டுச் சாப்பிட்ட பெடியன். இப்ப பேராசிரியர், தன்ர ஊரிலை ஒரு யூனிவர்சிற்றி தொடங்க ஆசை. தொடங்கட்டும். அதுக்கு என்ர மனிசன் ஏன், அறுபது வயதிலை?

ரெண்டு வருஷம் எண்டு சொல்லியிருக்கிறியள். ரெண்டு வருஷம்தான்.

வீடு சரியான அமைதி. ரீவியைப் போட்டு விட்டிட்டு மற்ற அறையிலை போய் இருக்கிறன், ஆரோ கதைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டு இருக்கட்டும் எண்டு.

பாமா


சிபொம்பே, வட சாம்பியா
2 ஏப்ரல் 2018

அன்பின் பாமா,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நீர் என்னுடைய சூட்கேஸ் இல்லை. சூட்கேஸ் என்னை இப்படி ஏசாது.

ஏன் நான் எண்டு கேட்டீர். சிட்னியில் ஒரு யூனிவர்சிற்றிக் கந்தோரில் ஆயுள் முழுக்க இருந்து நான் செய்த வேலை என்ன? புதுப் பாடநெறிகளுக்கு அனுமதி எடுக்கிறது. அதை அங்கே ஒருத்தரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. எங்கட வீட்டிலும்தான். இங்கே அது இல்லாமல் கதவு திறக்காது. தலைநகரில் இருந்து வருகிற அதிகாரிகள் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் என்னட்டைப் பதில் இருக்கு. முசொண்டாவுக்கு அறிவு இருக்கு, செல்வாக்கு இருக்கு, அந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் என்னைப் பதிவாளராகக் கூப்பிட்டான்.

தனியார் பல்கலைக்கழகம்தான், ஆனால் முதலாளி இல்லை. ஒருத்தரும் லாபம் எடுக்கேலாது, மிஞ்சுகிறது எல்லாம் திரும்ப அதற்குள்ளேயே போகவேணும் எண்டு முதல் பக்கத்திலேயே எழுதிப்போட்டம்.

கட்டடம் எண்டு பார்த்தால், கூட்டுறவுச் சங்கத்தின் பழைய சோளக் களஞ்சியம். மூலைக்கு மூலை வண்டு. மேசை ஒருமாதிரிச் செய்விச்சம், கதிரைக்கு வழி இல்லை. கடைசியில் முசொண்டா வானொலியில் அறிவித்தான்: படிக்க வருகிற ஆள் ஒரு கதிரையும் கொண்டு வரவேணும்.

முதல் நாள் காலையில் ஆராவது வருவினமோ எண்டு பயந்துகொண்டு வாசலில் நிண்டம். முதல் வந்தது ஒரு ஆடு. முசொண்டா அதற்கு "குட் மோர்னிங்" சொன்னான். பிறகு ஒரு தகப்பன் சைக்கிள் உருட்டிக்கொண்டு வந்தார், பின்னால் மகள் தலையில் ஒரு குசினிக் கதிரையோடு. பிறகு றோட்டு முழுக்கக் கதிரை. சாய்மனைக் கதிரை, பிளாஸ்ரிக் கதிரை, ஒரு தேவாலயத்து நீள வாங்கையே நாலு பெடியங்கள் தூக்கிக்கொண்டு வந்தாங்கள். பாமா, நான் ஒரு மூலைக்குப் போய் நிண்டு அழுதனான். நீர் பக்கத்தில் நிண்டு பார்த்திருக்க வேணும்.

எனக்குக் களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு அறை. சோள மாக் களியும், எங்கட நெத்தலி மாதிரி ஒரு சின்னக் கருவாடும் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையில்தான் கஷ்டம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவினம், என்னோடு தமிழில் கதைக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

ரெண்டு வருஷம்தான். கோபிக்காதேயும்.

சிறி


ஸ்ட்ராத்ஃபீல்ட்
6 அக்டோபர் 2019

இஞ்சாருங்கோ,

போன கடிதம் முழுக்கக் குழாய்க்கிணறு. அதுக்கு முதல் கடிதம் முழுக்க மருத்துவத் தாதியர் பாடநெறிக்கு அனுமதி கிடைச்ச கதை. பெம்பிளைப் பிள்ளையளுக்கு விடுதி கட்டுப்படுகுது, சந்தோசம். உங்கட பழைய மாணவர் சங்கத்துத் தேவராஜா அண்ணை தன்ர தகப்பன்ர ஞாபகார்த்தமா ஒரு வகுப்பறைக் கட்டடம் கட்டித் தந்ததும் சந்தோசம். கதிரையோட வந்த அந்தப் பிள்ளை முதலாம் பிள்ளையா வந்திருக்கிறாள் எண்டதிலை எனக்கும் ஒரு பெருமைதான், முகம் தெரியாட்டிலும்.

ஆனால் ஒண்டு சொல்லுறன். ஒருத்தருக்கும் சொந்தமில்லை, ஒருத்தருக்கும் சொந்தமில்லை எண்டு எழுதுறியள். அப்பிடி ஒண்டுக்கு நீங்கள் மட்டும் முழுசாச் சொந்தமாகிப் போனியள்.

நேற்றுக் கோயிலடியிலை நாலு பேர் கேட்டவை, "அண்ணை எப்ப வாறார்?" எண்டு. மாசியிலை எண்டு சொன்னன். ஒருத்தி மற்றவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினவள். அவளுக்கு என்ன கோதாரியோ. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்" எண்டு நீங்கள் எனக்குப் பழமொழி எழுதினீங்கள். அந்தப் பழமொழியிலை மனிசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, கவனிச்சனீங்களோ?

வேலையாலை வந்து பரமட்டாவிலை ரெயின் ஏறினால் ஸ்ட்ராத்ஃபீல்ட் வராமல் விடட்டும் எண்டு சில பின்னேரங்களிலை இருக்கு. ரெயினுக்குள்ளையாவது சனம் இருக்குது.

மாசி கிட்டடியிலை. உங்கட அறைக்கு வெள்ளை அடிச்சு வைச்சிருக்கிறன்.

பாமா


சிபொம்பே
19 ஜனவரி 2020

அன்பின் பாமா,

இதை எழுத ரெண்டு மூண்டு நாளாக யோசித்தேன். ஏசாமல் வாசியும்.

முழு அங்கீகாரத்துக்கான பரிசோதனை மாசியில் எண்டு இருந்தது, இப்ப மார்ச் நடுவுக்குத் தள்ளிப்போட்டினம். பதிவாளர் இல்லாமல் அதிகாரிகளுக்கு முன்னால் முசொண்டா தனிய நிற்கேலாது. இது பிழைத்தால் தாதியர் பிள்ளைகள் எல்லாரும் வேற இடம் தேட வேணும். அதனால் ரிக்கற்றை மார்ச் கடைசிக்கு மாற்றிப்போட்டன்.

ஒரே ஒரு மாசம், பாமா. இவ்வளவு நாள் பொறுத்தீர். ஒரு மாசத்தில் என்ன வந்துவிடப் போகுது?

சிறி


ஸ்ட்ராத்ஃபீல்ட்
24 மார்ச் 2020

நியூஸ் பார்த்தீங்களோ.

பிளேன் எல்லாம் நிப்பாட்டியாச்சு. பிரஜைகள் வரலாமாம், வாறதுக்குப் பிளேன்தான் இல்லையாம். உங்கட ரிக்கற் கான்சல் எண்டு எனக்குத்தான் ஈமெயில் வந்தது. வாசிச்சுப்போட்டுக் குசினியிலை அப்பிடியே நிலத்திலை இருந்திட்டன்.

ஒரு மாசத்திலை என்ன வரப்போகுது எண்டு கேட்டீங்கள். இதுதான் வந்தது.

பாமா


சிபொம்பே
30 ஆகஸ்ட் 2020

அன்பின் பாமா,

நாலு கடிதம் எழுதிப்போட்டன், ஒண்டுக்கும் பதில் இல்லை. நீர் சுகமாக இருக்கிறீர் எண்டு பிரஷாந்தன் சொல்லுகிறான். "அம்மா இஸ் ஃபைன்" எண்டு மூண்டு சொல். அந்த மூண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறன்.

வளாகத்தைப் பூட்டிப்போட்டம். பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டினம். இன்ரநெற் இல்லாத ஊர்களுக்கு எப்படிப் படிப்பிக்கிறது? ஊர் வானொலியில் காலையில் ஒரு மணித்தியாலம் வாங்கி, விரிவுரையாளர்கள் அதில் பாடம் எடுக்கினம். புள்ளிவிபரவியல் நான்தான் எடுக்கிறன். கரும்பலகை இல்லாமல் வாயால் கணக்குப் படிப்பித்துப் பாரும், தெரியும் கஷ்டம். சந்தையில் மரக்கறி விற்கிற மனிசியும் கேட்கிறாவாம், "நேற்றுச் சொன்ன சராசரி எனக்கு விளங்கேல்லை" எண்டு றோட்டில் மறித்துக் கேட்டா.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாட மனம் வரவில்லை. அந்த ஒரு மாசத்தை நான் கேட்காமல் விட்டிருந்தால் இப்ப உமக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துகொண்டிருப்பன். இந்த யோசனை இல்லாமல் ஒரு நாளும் விடியவில்லை.

ஏசியாவது ஒரு வரி எழுதும்.

சிறி


ஸ்ட்ராத்ஃபீல்ட்
18 ஜூலை 2021

இஞ்சாருங்கோ,

எழுதாமல் விட்டது வைராக்கியம் இல்லை, களைப்பு. லாபுக்கு வாற கொரோனாச் சோதனைக் குச்சிகள் குறையிறதே இல்லை. ஊர் முழுக்கத்தின்ர மூக்கும் எங்கட மேசையிலைதான். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பக்கத்திலை நிக்கிறவள் ஆரெண்டு தெரியாமலே வேலை செய்யிறம். வீட்டை வந்து குளிச்சு, ஒரு முட்டையைப் பொரிச்சுச் சாப்பிட்டுப் படுக்கிறன்.

சிட்னியைத் திரும்பவும் பூட்டியாச்சு. மெல்பேணையும் பூட்டியாச்சு. பிரஷாந்தன் வரேலாது, நான் போகேலாது. என்ர அறுபதாவது பிறந்தநாளுக்கு அவன் ஆளைவிட்டுக் கேக் அனுப்பினவன். கொண்டு வந்த ஆள் வாசலிலை வைச்சிட்டு, றோட்டிலை நிண்டு கை காட்டிப்போட்டுப் போட்டுது. நான் தனிய நிண்டு கேக்கை வெட்டி, ஒரு துண்டு சாப்பிட்டு, மிச்சத்தை ஃபிறிஜ்ஜுக்குள்ளை வைச்சனான்.

ஒண்டு நடந்தது. லாபிலை ஒரு பெட்டையின்ர தகப்பன் இந்தியாவிலை செத்துப் போனார், அவளுக்குப் போகேலாது. பாத்றூமுக்குள்ளை நிண்டு குளறி அழுதாள். நான் கட்டிப் பிடிக்கப் போய், கிட்டப் போகக் கூடாதெண்ட நினைவு வந்து, கையை விரிச்சபடி அப்பிடியே நிண்டனான். எனக்குப் பயம் வந்திட்டுது. உங்களுக்கு அங்கை ஏதும் ஆனால் நானும் இப்பிடித்தான் ஒரு பாத்றூமுக்குள்ளை நிண்டு குளறவேணும்.

ஏசி எழுதச் சொன்னீங்கள். ஏசவும் ஏலாமல் இருக்கு. கவனமா இருங்கோ.

பாமா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
9 ஜூன் 2024

இஞ்சாருங்கோ,

நான் செத்துப்போன செய்தி எனக்குச் சனிக்கிழமை காலமை கிடைச்சுது.

பெல் அடிச்சுது. திறந்தால் கோயிலிலை காணுற யோகா. கையிலை ஒரு பெட்டி இடியப்பம், மற்றக் கையிலை சொதிச் சட்டி. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம் எண்டு சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் "ஐயோ, பாமாக்கா!" எண்டு கத்தினாள் பாருங்கோ, முன்வீட்டுக் கொரியன் கிழவர் வெளியிலை ஓடி வந்திட்டார். சொதியிலை பாதி என்ர கால்மிதியிலை.

பிறகுதான் போனைக் காட்டினாள். தேவராஜா அண்ணை உங்கட பழைய மாணவர் சங்க வாட்ஸப்பிலை படம் போட்டிருக்கிறார். புது நூலகம், திரைச்சீலை விலக்கின சலவைக்கல். அதிலை ஆங்கிலத்திலை, பெரிய எழுத்திலை, "அன்பு நினைவாக: சத்தியபாமா சிறிதரன் ஞாபகார்த்த நூலகம்". கீழை மனிசர் வரிசையிலை நிண்டு அனுதாபம். எப்ப நடந்தது எண்டு ஒருத்தர். ஆபிரிக்காவிலையே எரிச்சாச்சாம் எண்டு இன்னொருத்தர். நல்ல மனிசி, கையிலை என்ன ருசி எண்டு வேற ஒருத்தி. அவள் என்ர கையாலை சாப்பிட்டு எத்தினை வருஷம்? எழுதின ஆக்களிலை முக்கால்வாசிப் பேர் நீங்கள் போனாப்பிறகு என்ர வாசல்படி மிதிச்சதில்லை. பிரஷாந்தன் போன் எடுத்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" எண்டு மூச்சு வாங்குறான். ஓம் தம்பி, செத்ததைத் தவிர மற்றபடி சுகம் எண்டன்.

யோகாவும் நானும் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு வயிறு நோகச் சிரிச்சம். அவள் போனாப்பிறகு அழுதனான். செத்தபிறகெண்டாலும் ஒருத்தி எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாளே எண்டு.

எங்கட சனத்திலை உயிரோட இருக்கிறவளின்ர பேரைக் கட்டடத்திலை ஆர் போட்டவை? பேர் போட்டால் ஆள் போயிட்டுது எண்டுதானே எல்லாரும் நினைப்பினம். உங்களுக்கு அந்த யோசனை வரேல்லையே? ஒரு பத்திரத்திலை ஒரு காற்புள்ளி பிழைச்சால் திருப்பி அனுப்புற மனிசன் நீங்கள். என்ர பேர் வெட்டின கல்லை மட்டும் பார்க்கேல்லை.

எல்லை திறந்தாப்பிறகு ரெண்டு தரம் வந்தியள். வெள்ளை அடிச்ச அறையிலை மூண்டு மூண்டு கிழமை விருந்தாளி மாதிரி நிண்டு, லப்ரொப்பும் கையுமா இருந்திட்டுப் போனியள். ஆத்திலை ஒரு கால், சேத்திலை ஒரு கால். நானும் வாய் திறக்கேல்லை. இப்ப கேட்கிறன். எனக்கு உயிரோட இருக்கிற மனிசன் வேணும். வாறியளோ, இல்லையோ?

பாமா


சிபொம்பே
16 ஜூன் 2024

அன்பின் பாமா,

எந்த முகத்தோடு எழுதுகிறது எண்டு தெரியவில்லை. நடந்ததைச் சொல்லுறன்.

நூலகத்துக்கு உம்முடைய பெயர் வைக்கவேணும் எண்டது என் ஆசை. நீர் அங்கே தனிய இருந்ததால்தான் நான் இங்கே நிற்க முடிந்தது. அதை ஒரு இடத்தில் எழுதி வைக்கவேணும் எண்டு நினைத்தேன். முதல் கட்டடம் தேவராஜாவின் தகப்பன் நினைவாக, ரெண்டாவது மெல்பேண் டொக்ரர் ஒருத்தரின் தாய் நினைவாக. எங்கட ஆட்கள் கட்டித் தந்தது எல்லாம் நினைவாகத்தான். கல்லு வெட்டுகிற மனிசன் தமிழ்ப் பெயரைக் கண்டதும் அதே மாதிரி வெட்டிப்போட்டான். அந்தக் கிழமை முழுக்க நான் மந்திரி வருகிற ஆரவாரத்தில் நிண்டன். கல்லைப் பார்க்கவில்லை. நீர் சொன்னது சரி, ஒரு சாட்டும் இல்லை.

இன்னும் ஒண்டு இருக்கு, உமக்கு அது தெரியாது. மந்திரி திரையை இழுத்தார், வாசித்தார், தொப்பியைக் கழட்டினார். "இந்த அம்மையாருக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம்" எண்டார். முழுச் சனமும் எழும்பிவிட்டது. ஐயா, அவ உயிரோடு இருக்கிறா எண்டு நான் கத்தியிருக்க வேணும். நான் கத்தவில்லை. நானும் எழும்பி நிண்டன்.

அந்த ஒரு நிமிஷத்தில், நீர் இல்லாத வீட்டுக்குத் திறப்பைப் போட்டு நான் உள்ளே போகிறது மாதிரி இருந்தது. நான் அழுதேன், பாமா, எல்லாருக்கும் முன்னால். முசொண்டா தோளைத் தட்டினான், பிறகு கந்தோருக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏசினான். "சேர், மெடம் கேட்டால் உங்களைக் கொல்லுவா" எண்டான்.

கல்லை அடுத்த நாளே கழட்டுவித்தன். தேவராஜாவுக்குப் போன் எடுத்துச் சரியாகத் திட்டு வாங்கினன்.

வாறியளோ எண்டு கேட்டீர். வாறன். நவம்பரில் பெரிய பட்டமளிப்பு. உதவிப் பதிவாளர் ஒருத்தியைப் பழக்கி வைத்திருக்கிறன், அண்டைக்கே பொறுப்பைக் கொடுத்துவிடுவன். நீரும் ஒருக்கா வாரும். எல்லாரும் உம்மை உயிரோடு பார்க்கவேணும்.

சிறி


சிபொம்பே
3 டிசம்பர் 2024

அன்பின் பாமா,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பிரஷாந்தன் சொன்னான். நீர் ஒண்டும் எழுதவில்லை.

நீர் வந்து நிண்ட பத்து நாளும் எனக்குக் கனவு மாதிரி. முசொண்டாவின் மனிசிக்குப் புட்டு அவிக்கக் காட்டிக் கொடுத்தீர், அவ இப்ப சோள மாவில் அவித்துக்கொண்டு திரிகிறா. பிள்ளைகள் மெடம் எங்கே எண்டு கேட்கினம்.

உதவிப் பதிவாளர் தலைநகரில் வேலை கிடைத்துப் போய்விட்டா எண்டு உமக்கு அங்கேயே சொன்னன். வேற ஆளைப் பழக்க வேணும். ஒரு வருஷம் எண்டு சபைக்குச் சொல்லியிருக்கிறன், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

கசாமா விமான நிலையத்தில் நீர் கைப்பையைத் திறந்து என்னமோ சொல்ல வாயெடுத்தீர். பிறகு பேசாமல் விட்டீர். அது என்ன எண்டு எனக்கு நித்திரை வரவில்லை. எழுதும்.

சிறி


ஸ்ட்ராத்ஃபீல்ட்
15 டிசம்பர் 2024

இஞ்சாருங்கோ,

ஓம், சொல்ல வாயெடுத்தனான். இப்ப சொல்லுறன்.

நான் வரேக்கை, திரும்பி வாறதுக்கு ரெண்டு ரிக்கற்றோட வந்தனான். ஒண்டு உங்கட பேரிலை. பட்டமளிப்பு முடிய அதைக் கையிலை தந்து, "எழும்புங்கோ, வீட்டை போவம்" எண்டு சொல்லுறதுதான் என்ர யோசனை. யோகாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் எனக்குப் புதுச் சீலையும் எடுத்துத் தந்து அனுப்பினவள். கலியாணப் பொம்பிளை மாதிரி வந்தனான், விசரி.

முதல் நாளே தரலாம் எண்டு இருந்தனான். ஆனால் நீங்கள் வளாகத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனியள். ஒரு பெட்டை ஓடி வந்து மறிச்சாள், பிறகு ஒரு பெடியன், பிறகு காவலாளி. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டியள். அவை உங்களைச் "சிறிதரன்" எண்டு முழுசாக் கூப்பிட்டவை, ஒரு எழுத்தும் விடாமல். இஞ்சை இருபத்தஞ்சு வருஷமா கந்தோரிலை உங்களை "ஸ்ரீ" எண்டு நறுக்கினவை, நீங்களும் சிரிச்சுக்கொண்டு இருந்தீங்கள். சந்தையிலை அந்த மரக்கறி மனிசியோட அவவின்ர பாஷையிலை சண்டை பிடிச்சியள். நான் தக்காளியைப் பிடிச்சுக்கொண்டு உங்கட முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். இந்த மனிசனை நான் கனகாலமாக் காணேல்லை.

பட்டமளிப்பு அண்டைக்கு ஒரு தாய் மகளின்ர பேரைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பிக் குரவை போட்டு ஆடிக்கொண்டு மேடை வரைக்கும் போனா. நீங்கள் பேரை வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு அவவோட சேர்ந்து ரெண்டு அடி ஆடினீங்கள். சிறிதரன் ஆடுறார்! எங்கட கலியாணத்துக்கே சிரிக்காத மனிசன். எனக்குச் சந்தோசமா இருந்தது. அதே நேரம் வயித்தெரிச்சலாவும் இருந்தது, பொய் சொல்லேல்லை. எனக்குத் தராத ஒண்டை அந்தச் சனத்துக்குக் குடுத்தியள்.

அப்பவும் ரிக்கற்றைத் தாறதெண்டுதான் இருந்தனான். கசாமாவிலை கைப்பையைத் திறந்தது அதுக்குத்தான். நான் எடுக்க முதல் நீங்கள் சொன்னீங்கள், "இன்னும் ஒரு வருஷம்தான், பாமா" எண்டு. நான் கேட்கவே இல்லை. கேட்காமலே சொன்னீங்கள். உங்கட கண்ணிலை அவ்வளவு பயம், பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயப்பிடுற பிள்ளை மாதிரி. கைப்பையைப் பூட்டிப்போட்டன்.

சிட்னிக்கு வாற பிளேனிலை எனக்குப் பக்கத்துச் சீற் வெறுமை. ஏறின உடனை பணிப்பெண் வந்து, இதிலை ஆள் இருக்கோ எண்டு கேட்டாள். ஓம், வாறார் எண்டன். ஏன் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. கதவைப் பூட்டினவை. அவள் திரும்பி வந்து கேட்டாள். இல்லை, நான் தனியத்தான் போறன் எண்டு சொன்னன். சொல்லி முடிச்சதும் அழுகை வந்தது. பின்னாலை இருந்த ஒரு வெள்ளைக்காரர் கால் நீட்டவேணும், அதிலை வந்து இருக்கட்டோ எண்டு கேட்டார். இல்லை, அது என்ர மனிசன்ர சீற் எண்டன். அந்தாள் என்னை விசர் எண்டு நினைச்சிருக்கும். சிட்னி வரைக்கும் ஒருத்தரையும் அதிலை இருக்க விடேல்லை.

உங்களிலை கோபம் இல்லை எண்டு எழுதினால் பொய். ஆனால் நீங்கள் என்னை ஏமாத்தேல்லை எண்டது இப்பதான் விளங்கிச்சுது. ரெண்டு வருஷம் எண்டு சொல்லேக்கையும், ஒரு மாசம் எண்டு சொல்லேக்கையும், நவம்பர் எண்டு சொல்லேக்கையும் நீங்கள் நம்பித்தான் சொன்னீங்கள். நானும் நம்பி ஒவ்வொரு தேதியிலையும் போய்த் தொங்கினனான். தனிய இருக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. இந்தத் தொங்கிறதுதான் என்னைத் திண்டது. இனி என்னாலை ஏலாது.

அங்கையே இருங்கோ. நான் மறிக்கேல்லை, பிரியவும் இல்லை. எனக்கு லாபிலை இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குப் பிறகு அங்கை வருவனோ, வராமல் விடுவனோ எனக்குத் தெரியாது. தெரியாததை உங்களை மாதிரி நான் எழுதித் தரமாட்டன்.

பிறஷர்க் குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. அந்த அறையிலை யன்னலுக்கு வலை அடியுங்கோ, நுளம்பு பிச்சுப் பிடுங்குது. எனக்கு எழுதுங்கோ, விடாமல் எழுதுங்கோ. பிள்ளையளைப் பற்றி எழுதுங்கோ, மழை பெய்ததோ எண்டு எழுதுங்கோ, மரக்கறி மனிசி என்ன சொல்லி ஏசினா எண்டு எழுதுங்கோ. வாறதைப் பற்றி மட்டும் இனி எழுதாதேங்கோ.

பாமா